நாலில் ஒரு விடை

ஆஷா அன்று காலை காப்பி குடிப்பதற்குள் மூன்று பேரைக் கொன்றிருந்தாள். நாலாவது ஆள் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“இவனுக்கு காலோட போச்சு, புண்ணியவான்,” என்றார் அவள் அப்பா வேதசிரோமணி, புத்தகத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டபடி.

எல்லாம் புத்தகத்துக்குள் நடக்கிற சாவுதான். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இங்கே ஊசியைத் தொட வேண்டுமென்றால் லைசென்ஸ் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். இன்ன வயசு ஆளுக்கு இன்ன கோளாறு, டாக்டர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, கீழே நாலு விடை கொடுத்திருப்பான். நாலில் ஒன்றைத் தொட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

ஆஷா இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை. இதிலும் போனால், சிறுசேரியில் ஏதாவது கம்பெனியில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனின் ஆஸ்பத்திரி பில்லுக்கு நம்பர் போடும் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது.

அதனால் கிழக்குத் தாம்பரத்தில் அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா சாராள் மிக்ஸியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். குக்கர் விசில் கூடாதென்று சாதத்தை வடித்தாள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டாள். பரீட்சை முடிகிறவரை வீட்டில் ஒருத்தரும் தும்மக்கூடாது என்பது அவள் உத்தரவு. பாஸ்டர் வந்தாலும் வாசலோடு ஜெபம் பண்ணிவிட்டுப் போக வேண்டும்.

வேதசிரோமணிக்கு இந்தப் படிப்பில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. ரயில்வே ஷெட்டில் பிரேக் வேலை பார்த்தவர். வண்டியைத் தொடாமல் வண்டி ரிப்பேர் கற்றுக்கொண்ட ஒருத்தனையும் அவர் பார்த்ததில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். டாக்டரம்மா என்று இவளைத்தான் கூப்பிட்டார்கள். ஓடிப்போன ஆஷா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் சோடா வாங்கி முகத்தில் தெளித்தது அவர் பெண்டாட்டி லோகநாயகிதான். கேள்வியாகக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று ஆஷா வீட்டுக்கு வந்து அழுதாள். அதுவும் பொய்யில்லை. காகிதத்தில் இருக்கிற நோயாளியிடம் அவள் புலி. கண்ணெதிரே ஒரு மனுஷன் படுத்துக் கிடந்தால்தான் படித்ததெல்லாம் மறந்துபோகும்.

வேளச்சேரி கோச்சிங் மாஸ்டர் வேறு குறுக்குவழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். நீளமான விடை பெரும்பாலும் சரியாம். ‘ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பு’ என்று இருந்தால் அது தப்பென்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட வேண்டுமாம். ஆறுதல் சொன்னால் மார்க் போகும் என்பது எந்த ஊர் வைத்தியம் என்று வேதசிரோமணி கேட்டதற்கு, உங்களுக்குப் புரியாதுப்பா என்று சொல்லிவிட்டாள்.

நாலாவது ஆளின் காலை எடுத்த பிறகு, காப்பி வாங்கிவர அவர் அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தார்.

“அடுத்த கேள்வி. ஐம்பத்தஞ்சு வயசுப் பொம்பள. சர்க்கரை உண்டு. விடியக்காலையிலேர்ந்து தாடை வலிக்குது, வேர்த்துக் கொட்டுது, ஒரு தடவை வாந்தி. கேட்டா வாயுங்கிறா.”

அதுவரை இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தவர் தமிழுக்கு மாறிவிட்டதைப் பார்த்து ஆஷா சிரித்தாள்.

“அச்சு பொடிசா கீதும்மா. விடையைக் கேளு. ஏ, வாயு மாத்திரை. பி, பல் டாக்டர். சி, உடனே பெரிய ஆஸ்பத்திரி. டி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாக்கறது.”

ஆஷா நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “இது எல்கேஜி கேள்விப்பா. இவ்ளோ நேரடியாலாம் கேக்க மாட்டாங்க.”

“கேட்டுட்டான். நீ இன்னா பண்ணுவே, அதச் சொல்லு.”

“ஹார்ட் அட்டாக். சுகர் இருக்கிற லேடீஸுக்கு நெஞ்சு வலி இல்லாமலே வரும். ஒரு ஆஸ்பிரின் குடுத்து மென்னு முழுங்கச் சொல்லணும். நடக்க விடக்கூடாது. உடனே ஹார்ட் பாக்கிற ஆஸ்பத்திரி. ஆன்சர் சி.”

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பெரிய டாக்டர்கள்கூட அவ்வளவு தீர்மானமாகப் பேசி வேதசிரோமணி கேட்டதில்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

“டி ஏன் தப்பு? அந்தப் பொம்பள அதத்தான் புடிச்சுக்கினு அடம் பண்றா.”

“அவங்க சொல்வாங்கப்பா,” என்று ஆஷா சிரித்தாள். “ஞாயித்துக்கிழமைக்கு அவங்க இருக்கணுமே.”

சரி என்று அவர் குறி போடுவார் என்று காத்திருந்தாள். அவர் பென்சிலை எடுக்கவில்லை. புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார்.

“அப்ப எழுந்திரு ஆஷா. அந்தப் பொம்பள உங்கம்மா.”