பாக்குக்கு அடியில் கேமரா

அலையாத்தி மரங்களின் நிழலில் படகு மெல்ல ஆடுகிறது. நிருபர் டெலினாவின் மடியில் இரண்டு கேமராக்கள். இதே கரையில் சற்றுத் தள்ளியுள்ள துறையில், பப்புவா காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அடிமரங்களில் எழுதிய எண்கள் படத்தில் தெரிந்தால்தான் செய்தி நிற்கும். நீள லென்ஸ் மாட்டிய பெரிய கேமரா இங்கிருந்தே அவற்றைப் பிடித்துவிடும். ஆனால் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னினால் காவலாட்களின் துப்பாக்கிகள் இந்தப் பக்கம் திரும்பும். உள்ளங்கையளவு கேமராவைப் பாக்குப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, பாக்கு விற்பவள்போலப் போகலாம். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே போய் நிற்க வேண்டும்.

"சீக்கிரம் சொல்லுக்கா. சின்னதுன்னா நீ மட்டும் சாவ, பெருசுன்னா நானும் கூடச் சாவணும்" என்கிறான் படகோட்டி தோவா. சிரிக்கப் பார்க்கிறான், உதடு கோணுகிறது.

டெலினா பெரிய கேமராவைக் கண்ணருகே தூக்குகிறாள். துறையில் ஒருவன் நெற்றியில் கைவைத்து இங்கேயே பார்க்கிறான். சட்டென்று இறக்கிவிடுகிறாள்.

"உனக்கு மூணு பிள்ளைங்க இல்ல?"

"நாலுக்கா."

பெரியதை அவன் கையில் வைத்துவிட்டு, சின்னதைப் பாக்குகளுக்கு அடியில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குகிறாள். "பாக்கு, பாக்கு" என்று கூவிக்கொண்டே காவலாட்களை நோக்கி நடக்கிறாள்.