எண்ணெய் வேண்டாத டியூபா

பேண்டு செட்டுக்கு மலிவாக வந்து சேர்ந்த டியூபா என்கிற பெரிய ஊதுகுழலுக்குத் தன் பளபளப்பில் அத்தனை கர்வம்.

"அண்ணே, ஸ்வரத்தை மாத்துற உங்க வால்வு நாலும் சுழலணும்னா தினம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கணும்," என்றது எண்ணெய்க் குப்பி.

"அதையெல்லாம் அந்தக் கிழட்டுக் கிளாரினெட்டுக்குக் கொடு. என் மேல கறை படும்," என்று டியூபா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த மாதமே கல்யாண ஊர்வலத்தில் வால்வுகள் இறுகிவிட்டன. எவ்வளவு முக்கினாலும் எருமை கத்துவதுபோல ஒரே சத்தம்தான் வந்தது. குதிரை மிரண்டு, மாப்பிள்ளை சாக்கடையில் விழுந்தார்.

மறுநாள் பேண்டு செட் முதலாளி சோலைராஜ் டியூபாவைத் தன் கடை வாசலில் விளம்பரமாகத் தொங்கவிட்டார். கச்சேரிக்குக் கிளம்பிய கிளாரினெட்டைப் பார்த்து அது மேலிருந்து சொன்னது:

"பாவம், நீ இன்னும் ஊதித்தான் பிழைக்கணும். எனக்குப் பதவி உயர்வு கிடைச்சாச்சு!"