பத்தொன்பது பெயர்கள்

சந்தனத் தட்டோடு அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

மண்டபத்தின் முதல் வரிசையில் பழனாத்தாள் அத்தை கைப்பையைத் திறந்து கல்யாணப் பத்திரிகையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் வசந்தாமணிச் சித்தி. கோபிச்செட்டிபாளையத்து வெயிலுக்கு மின்விசிறி போதவில்லை. சித்தி தன் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பத்திரிகைகள். நடுவே ஒரு முழம்கூட இல்லை.



ஆறு வருடங்களுக்கு முன் அக்கா கல்யாணப் பத்திரிகையில் அத்தையின் பெயரை ஏழாவதாகப் போட்டார்கள். அப்பாவோடு பிறந்தவர்களில் அத்தைதான் மூத்தவள். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவள், அப்புறம் வாசற்படியை மிதிக்கவில்லை.

இப்போது அண்ணன் கல்யாணம்.

அத்தையை முதலில் போட்டால் பெரியப்பா வரமாட்டார். பெரியப்பாவை முதலில் போட்டால் அத்தை வரமாட்டாள். மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அன்புடன் அழைக்கும் பத்தொன்பது பேரில் தான் எத்தனையாவது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். பாம்பும் சாகக் கூடாது, தடியும் முறியக் கூடாது என்று அப்பா எழுதுவதும் கிழிப்பதுமாக ஒரு குயர் நோட்டைத் தீர்த்தார்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. எழுத்துகளை ஒட்டுவதும் வரிசைகளை வெட்டுவதும்தான் பிழைப்பு.

கணினிக்கு ஒரு பெயர் என்பது வெறும் எழுத்துகளின் கோவை. மூத்தவர் இளையவர் தெரியாது. எண்ணுவதையே பூஜ்யத்தில்தான் தொடங்கும். பட்டியலின் தலையில் இருந்த பெரியப்பா அதற்குப் பூஜ்யமாவது ஆள். அவருக்குத் தெரிந்திருந்தால் பந்தலைப் பிரித்திருப்பார்.

கணினிக்கு எட்டு வரியில் கட்டளை எழுதினாள்.

முதல் பெயரை எடு. வரிசையின் வாலில் சேர். ஒரு பத்திரிகை தயார். மறுபடி எடு. மறுபடி சேர்.

யார் வீட்டுக்குப் போகிறதோ, அந்தப் பத்திரிகையில் அவர் பெயர் முதலில்.

அச்சகத்துக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடித்துக்கொடுத்தார். ஒவ்வொன்றிலும் முதல் பெயர் சரியா என்று அவள் பார்த்தாள். அப்பாவும் அதைத்தான் பார்த்தார். வாங்கிக்கொண்டவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக, வருகிறோம் என்றார்கள்.

அத்தையும் வந்துவிட்டாள்.

தன் அக்கா சாப்பிட்டாளா என்று அப்பா காலையிலிருந்து நாலு முறை கேட்டுவிட்டார். அவர் இன்னும் சாப்பிடவில்லை.

இப்போது அத்தை, சித்தியின் பக்கம் கையை நீட்டினாள்.

சித்தி பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் பந்திக்கு எழுந்து போனாள். அவளுக்கு இலை முக்கியம்.

அத்தை கண்ணாடியை மாட்டினாள். இரண்டையும் மடியில் விரித்தாள். ஒரு விரல் இதில் இறங்கியது, ஒரு விரல் அதில். கடைசிவரை போய், மறுபடி மேலே ஏறியது.

கதை முடிந்தது என்று அவள் நினைத்தாள். அத்தை எழுந்திருப்பாள். பை தோளுக்குப் போகும். அப்பா மேடையிலிருந்து ஓடி வருவார். இன்னொரு ஆறு வருடம்.

அத்தை நிமிர்ந்தாள். நேராக அவளைப் பார்த்தாள். வா என்று விரலை மடக்கினாள்.

போனாள். அச்சுப்பிழை, அச்சகத்தில் ஆள் மாற்றம் என்று நாலைந்து பொய்களை நாக்கில் அடுக்கிக்கொண்டுதான் போனாள்.

"ஏங்கண்ணு, ரெண்டுலயும் உம்பேரக் காணமே?"

அவள் குனிந்தாள்.

அத்தையின் பத்திரிகையில் பதினெட்டுப் பெயர்கள். சித்தியுடையதிலும் அதே பதினெட்டு.

வரிசையைச் சுழற்றுவதற்கு முன், பட்டியலிலிருந்து பெயர்களை எடுக்கும் முதல் வரியில் பூஜ்யம் முதல் பதினெட்டு வரை என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதினால் கணினி பதினேழோடு நின்றுவிடும். கடைசி ஆளும் வேண்டுமென்றால் ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம்.

யாரோடும் வம்பு வேண்டாம் என்று பட்டியலில் தன்னைக் கடைசியில் போட்டுக்கொண்டதும் அவளேதான்.

பத்திரிகை ஊருக்கெல்லாம் போய் இருபது நாள் ஆகிறது. அப்பா கவனிக்கவில்லை. அண்ணன் கவனிக்கவில்லை. அவளுமே கவனிக்கவில்லை.

பெயருக்காக ஆறு வருடம் முகம் கொடுக்காமல் இருந்தவள் கவனித்திருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுக்கி வைத்த பொய்கள் எல்லாம் மறந்துபோயின. சந்தோஷமாக இருந்தது.

அத்தை சித்தியின் பத்திரிகையை நாலாக மடித்தாள். தன் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பிறகு, எதிரே நின்ற புகைப்படக்காரரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடியைக் கழற்றியாகிவிட்டது.

தன் பத்திரிகையை மடியில் வைத்து நீவினாள். பட்டியலுக்குக் கீழே வேண்டிய மட்டும் இடம் இருந்தது.

பேனா மேலே போனது.

'அன்புடன் அழைக்கும்' என்பதற்கும் தன் பெயருக்கும் நடுவில் விரல் நுழையாத இடம். அதில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

செல்வி இளமதி, பி.இ.