வாசலில் கிடந்த அணில்

செத்த அணிலுக்குக் கீழே சிவப்புத் துணி விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு செம்பருத்தி, கால்மாட்டில் ஒரு செம்பருத்தி, சுற்றிலும் இதழ் இதழாகப் பிய்த்து அடுக்கிய வட்டம். அத்தனையும் பூங்கொடி விடியற்காலையில் போட்ட கோலத்தின் நடுவே.

மகள் ரேணுகா “வரேம்மா” என்று வாசலிலிருந்தே கத்திவிட்டு, பொத்தேரி காலேஜ் பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்த பூங்கொடியின் கண்ணில் அணில்தான் முதலில் பட்டது. இதைத் தாண்டித்தானே பெண் போயிருக்கும்!

போன வாரம் இதே இடத்தில் ஒரு மீன்கொத்தி செத்துக் கிடந்தது, அதுவும் பூவுக்கு நடுவில். மகள் பயந்துவிடப் போகிறாளே என்று அதைச் சத்தமில்லாமல் கூட்டித் தள்ளிய பூங்கொடி, அவளிடம் மூச்சு விடவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ரேணுகா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தே சில நாள்தான் ஆகிறது.

“அடியே கல்யாணி! வெளிய வாடி!”

பக்கத்து வீட்டிலிருந்து கல்யாணி கரண்டியோடு ஓடி வந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. நடுச்சுவர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

“இன்னாக்கா, காலங்காத்தால?”

“இன்னாவா? இது யாரு வூட்டுப் பூடி?”

“எங்க வூட்டுதுதான். செடி செவுத்தத் தாண்டி உங்க பக்கம் தொங்கிகினு கீது. யாரு வேணா பறிக்கலாம்.”

எதிர்வீட்டுக்காரி வேண்டா வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மாந்திரீக விஷயமென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஈர மண்ணில், அணிலுக்குப் பக்கத்தில், விரல் நுழைகிற அளவுக்கு மூன்று பள்ளங்கள் இருந்தன. அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

“இத்தப் பாத்தியா பூங்கொடி? முக்கோணம் போட்டுக் கட்டிகீறாங்க. இது பொண்ணக் குறி வச்சதுதான்.”

அவ்வளவுதான், பூங்கொடிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “எம் பொண்ணு கைய ஒடச்சது பத்தலியாடி உனுக்கு? இப்ப உசுரே வோணுமா?”

“நானா?” கல்யாணி கரண்டியைக் கீழே போட்டாள். “அன்னிக்கு அவள ஆட்டோல தூக்கிப் போட்டுகினு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ நான்க்கா! எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் வக்கல.”

“பின்ன, காக்கா வந்து வச்சிட்டுப் போச்சா?”

பூங்கொடி உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தாள். திருக்கழுக்குன்றத்து மலையைப் பார்த்துத் தெருவில் ஏற்றி வைத்து, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

கல்யாணி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். “வோணாம்க்கா! யாரு பெத்த புள்ளயோ வெளாட்டுக்கு வச்சிருக்கும். வயிறெரிஞ்சி சாபம் வுடாத!”

“கைய எட்றீ! இப்ப பயமா கீதா?”

மண்ணை வாரித் தூற்றினாள். “வேதகிரீஸ்வரா! இத்த வச்ச கை வெளங்காம போவணும்! அந்தக் கை சோறு அள்ளித் துன்னக் கூடாது! அவளப் பெத்தவ அத்தக் கண்ணால பாத்துப் பாத்து அழுவணும்!”

கல்யாணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூங்கொடி அணிலைச் சருகு போட்டுக் கொளுத்தினாள். மனசு குளிர்ந்துவிட்டது, மத்தியானம் இரண்டு பிடி சோறு கூடவே இறங்கியது.

சாயங்காலம் ரேணுகா வந்ததும் வாசலிலேயே நிறுத்தி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். உள்ளே உட்கார வைத்து, வலது கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

“இன்னிக்கி கை வலிச்சிதாடி?”

“வலியெல்லாம் போயே போச்சும்மா! காலையில பஸ்ஸுலேந்து அனுப்பின எம் போட்டோ மாபலிபுரம் கண்காட்சிக்கு செலக்ட் ஆயிடிச்சி!” ரேணுகா இடது கையால் போனைக் காட்டினாள்.

இளவெயில் சாய்வாக விழுந்த கோலம். சிவப்புத் துணியில், பூக்களுக்கு நடுவே, தொட்டிலில் கிடத்திய குழந்தை போல அந்த அணில். காலையில் அது இவ்வளவு அழகாகவா கிடந்தது?

“செத்துப் போனத எல்லாரும் மிதிச்சிகினு போறாங்கம்மா. நான் தூங்க வச்சி படம் எடுக்கறேன். போன வாரம் மீன்கொத்தி, இன்னிக்கி அணிலு. மூணு காலு ஸ்டாண்ட மடிக்கறதுக்குள்ள பஸ்ஸு வந்திடிச்சி, ரெண்டு தபாவும் அப்டியே போட்டுட்டு ஓடிட்டேன். நீ திட்டுவன்னு நெனச்சேன்.”

எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்ததைக் கூட பூங்கொடி கவனிக்கவில்லை.

“நீயா... நீயாடி அத்த வச்ச?”

எண்ணெய் மினுங்கும் வலது கையை ரேணுகா பெருமையாக நீட்டினாள்.

“ஆமா, இந்தக் கையாலதாம்மா!”