யூஜினின் ஓவரோல்

சரக்குக் கப்பலுக்குத் திரும்பும் காலையில் யூஜின் வேலைக்கு அணியும் தன் நீல ஓவரோலைத் துவைத்து நிலவறைக் கொடியில் போட்டான். சுவிஸின் ஓஸ்டர்முண்டிகன் குடியிருப்பில் எல்லா வீட்டாருக்கும் பொதுவான அந்த நிலவறையில் அன்று துவைக்கும் முறை அவர்களுடையது.

"காய்ஞ்ச உடனை எடுத்துப்போடும். இல்லாட்டி மேல்வீட்டு அனோஜா சண்டைக்கு வருவா," என்று மனைவி அன்னமலரிடம் சொல்லிவிட்டு ரயிலேறினான்.

போர் நடந்த கடலில் கப்பல்கள் கூட்டமாகவே போயின. நீர்மூழ்கியின் குண்டு யூஜின் வேலைசெய்த இயந்திர அறையில் பட்டுக் கப்பல் மூழ்கியது. மற்றக் கப்பல்கள் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பது கட்டளை.

உடல் கிடைக்காது என்றார்கள். அவனுடைய உடுப்பொன்றைப் பெட்டியில் வைத்து அடக்கலாம் என்றார் கோயில் பங்குச் சுவாமியார். அன்னமலர் நிலவறைக்கு இறங்கினாள். அவன் போட்டுவிட்டுப் போன ஓவரோல் இன்னும் ஈரமாகவே இருந்தது. பிழிந்தாள், சூடேற்றியின் மேல் விரித்தாள், மறுபடி கொடியில் போட்டாள். பக்கத்தில் அனோஜாவின் விரிப்புகள் மொரமொரவென்று காய்ந்தன.

"அக்கா, இண்டைக்கு என்ர முறை. திரும்பவும் கழுவினனீங்களோ?"

"இல்லை. காயுதில்லை."

அனோஜா அதன் கைநுனியைப் பிழிந்து விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

"அது அங்கையே கிடக்கட்டும், அக்கா," என்றாள்.

ஈரத்தோடு அவனை மண்ணில் வைக்க அன்னமலருக்கு மனம் வரவில்லை. பெட்டியை வெறுமையாகவே அடக்கம் செய்தார்கள்.

கொடியில் தொங்கும் ஓவரோலின் கீழே இன்றும் ஒரு வாளி இருக்கிறது. தன் முறை நாட்களில் அனோஜாவே அதில் சொட்டிச் சேர்ந்த நீரை ஊற்றிவிட்டு, வாளியை மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள்.