நாற்பத்திரண்டாம் நாள் நலம்

அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். பெயர் சட்டைப் பக்கம் போனது.

கழுத்துக் கயிறு சும்மா இருக்குமா? ஏசி காற்றில் அதுவே மறுபடியும் திரும்பியது.

மாரிச்செல்வி. அவன் மனைவி பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில்: பிழைத்து வந்த தாய்.

வாசலில் அதைக் கொடுத்த பெண் கேட்டாள். "அக்கா வரலையாண்ணே?"

"இல்லம்மா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அலைய முடிந்திருக்காது என்று நினைத்திருப்பாள்.

தீப்பெட்டி ஆபீஸ் வேனில் விடிந்தது முதல் பொழுது அடையும்வரை ஸ்டியரிங் பிடித்து உட்காருகிறவன். இந்த மெத்தை நாற்காலியில் பத்து நிமிஷம் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தான். செல்போனை எடுத்தான், வைத்தான். மறுபடி தண்ணீர்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பெண்தான் போன் செய்தாள். கர்ப்பத்தில் பிரஷர் ஏறிப் பிழைத்த தாய்மார்களை ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம், மாரிச்செல்வி அக்கா பெயரும் லிஸ்டில் இருக்கிறது, அக்கா நல்லா இருக்காங்களா?

நல்லா இருக்காங்களா.

இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. "வாரோம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

லிஸ்டில் அவள் எப்படி வந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். பிரசவமாகி நாற்பத்திரண்டாம் நாள் பெரியாஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போனான். பிரஷர் பார்த்தார்கள். தாய் நலம், சேய் நலம் என்று எழுதி நோட்டை மூடினார்கள். வரும் வழியில் நன்னாரி சர்பத் கேட்டாள். வாங்கிக் கொடுத்தான்.

மூன்று நாள் கழித்து, துணி அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி தந்த இறப்புச் சீட்டில் இதயம் என்று எழுதியிருந்தது. பிரசவம் என்ற பேச்சே அதில் இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு யார் போய்ச் சொல்வது? அவன் இருந்த இருப்பில், பிள்ளைக்குப் பால்மாவு தீர்ந்துபோனதையே அடுத்த வீட்டார்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆக, ஊர் உலகத்தில் அந்த ஒரு லிஸ்டில் மட்டும் அவள் நலமாக இருந்தாள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் பஸ் ஏறினான். ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு, போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, வாய் திறக்காமல் திரும்பிவிடலாம்.

திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. இந்த நோயை இனி யார் ஆராய்ந்தாலும் எதையெதை அளக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. வேண்டும் என்றால் பச்சை அட்டை, வேண்டாம் என்றால் சிவப்பு. வலிப்பு வந்ததா? பச்சை. குழந்தையின் எடை? பச்சை. சிறுநீரகம்? பச்சை. கூட்டத்தோடு சேர்ந்து இவனும் தூக்கினான்.

பதினோராவது வரி.

பிரசவமாகி ஓராண்டு வரை தாய் உயிரோடு இருக்கிறாரா?

பாட்டிலுக்குப் போன கை பாதியில் நின்றது.

மேடையில் இருந்த பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மாதிரி. குரலில் ஓர் அதட்டல் கிடையாது.

"ஒரு வருஷங்கறது கஷ்டம். அம்மா வீட்டுக்குப் போயிடறாங்க, நம்பரை மாத்திடறாங்க. யார் பின்னாடி யார் ஓடறது? நாப்பத்திரண்டு நாள் பார்த்தாப் போதும். எங்க லிஸ்டையே எடுத்துக்குங்க. அன்னிக்கு நலம்னு எழுதின அறுபத்தெட்டு பேர்ல, ஒருத்தரைப் பத்திக்கூட அப்புறம் கெட்ட சேதி வரல."

வரவில்லைதான். யார் கொண்டுபோனார்கள்?

முன்வரிசையில் சிவப்பு ஒன்று எழுந்தது. பக்கத்தில் இரண்டு. அப்புறம் கொத்தாக.

அறுபத்தெட்டில் அவளும் ஒருத்தி. அவளுடைய நலத்தைக் காட்டித்தான் அந்த வரியை அடிக்கப் போகிறார்கள்.

வாயைத் திறந்தால் அந்த லிஸ்டிலிருந்தும் போய்விடுவாள். திறக்காவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொருத்தி, துணி அலசுகிறவள், யார் கண்ணிலும் படாமல் போவாள்.

பாவி, சொல்லித் தொலை.

பச்சை அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டான். பாட்டில் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது.

"டாக்டரம்மா, அறுபத்தேழுன்னு சொல்லுங்க. மாரிச்செல்வி நாப்பத்தஞ்சாவது நாள் போய்ட்டா."

தூக்கிய கைகள் தூக்கியபடி இருந்தன. பிறகு ஒன்றிரண்டு சிவப்பு தாழ்ந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

அட்டை கொடுத்த பெண் லிஸ்டோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வரிசையில் விரல் ஓட்டிப் பெயரைக் கண்டுபிடித்தாள். நலம் என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்தாள், எடுத்தாள்.

"தேதி என்னண்ணே?"

தேதியைச் சொன்னான். பச்சை அட்டையைத் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

அவள் எழுதக் குனிந்தாள்.

"மெதுவா எழுதும்மா" என்றான்.