பாதிப் பாறையில் ஒரு பகல்

கொம்பி என்ற வரையாடு, செங்குத்துப் பாறையில் ஏறக் குட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தது. கத்திக் கத்தித்தான் சொல்லிக்கொடுக்கும். ஒருநாள் அடுத்த மலைக்குப் போன இடத்தில், தன்னிடம் முன்பு பயின்ற சாம்பியைச் சந்தித்தது. சாம்பி இப்போது அங்கே குட்டிகளுக்குப் பயிற்சியாளர்.

“டீச்சர், உங்களாலதான் நான் ஆளானேன்” என்றது சாம்பி.

கொம்பிக்குக் கூச்சமாகிவிட்டது. “உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன்!”

“அதெல்லாம் மறந்துபோச்சு. ஒருநாள் பாதிப் பாறையில பயந்துபோய் உட்கார்ந்துட்டேன். மத்த குட்டிங்க எல்லாம் மேலே போயிட்டாங்க. நீங்க மட்டும் சாயங்காலம்வரை என் பக்கத்துலயே படுத்திருந்தீங்க. ஒரு வார்த்தை திட்டலை. அப்புறம் நானாவே எழுந்து ஏறினேன்.”

கொம்பிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தது. மனசு கேட்கவில்லை.

“சாம்பி, அன்னிக்கு என் குளம்புல முள் ஏறியிருந்தது. வலியில நகர முடியாமத்தான் படுத்திருந்தேன். நீ பயந்ததையே நான் கவனிக்கலை.”

சாம்பி சிரித்துவிட்டது.

“இருக்கட்டும் டீச்சர். அப்படிப் பயந்து உட்கார்ந்த பதினோரு குட்டிகளுக்குப் பக்கத்துல நான் இதுவரை படுத்திருக்கேன். பதினொண்ணும் ஏறிடுச்சு.”